டீக்கு சக்கரைய நிறுத்திட்டு இனிப்பு மாத்திரைக்கு மாறின ஒம்பது மாசத்துல நான் பட்ட பாடு

2023 பிப்ரவரில எங்க கம்பெனில எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப் வச்சாங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், அப்ப எனக்கு வயசு 41. ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு, ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர் அளவு, 6.1, வெயிட் 85 கிலோ. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம், 6.5 தொட்டுட்டா சுகர்னே எழுதிருவாங்க, இப்பவே ஒரு ஆறு கிலோ கொறைங்க, தினம் நடங்க, சக்கரைய கொறைங்க, மூணு மாசம் கழிச்சு பாக்கலாம்னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டார். அவர் சாதாரணமா தான் சொன்னார், எனக்கு தான் காது அடைச்சிருச்சு. எங்கப்பாவுக்கு சுகர்ல மொதல்ல கட்டைவிரல் எடுத்தாங்க, அப்புறம் பாதம் எடுத்தாங்க, கடைசி ஒரு வருசம் கட்டில்லயே கெடந்து தான் போனார், அந்த புண்ண தினம் கழுவி கட்டு போட்டது நான் தான். அந்த வாசம் இன்னும் மறக்கல. அதனால ரிப்போர்ட்ட நாலா மடிச்சு பைக் சீட்டுக்கு அடில வச்சேன், வீட்ல யார்கிட்டயும் சொல்லல. யாரையும் கேக்காம போன்ல தேடித் தேடி நானே எனக்கு வைத்தியம் பாக்க ஆரம்பிச்சேன். அப்ப யாராவது ஒருத்தர் இதெல்லாம் சொல்லிருந்தா இவ்வளவு காசும் போயிருக்காது, அந்த ராத்திரியும் வந்திருக்காது, அதான் எழுதறேன்.

நான் மொதல்ல போட்ட கணக்கு இது. எங்க ஊர்ப்பக்கம் பேக்கரின்னா டீக்கடை தான், காலைல வண்டி எடுத்தா ஒரு டீ, ஆபீஸ்ல பையன் பிளாஸ்க்ல கொண்டு வர்றது மூணு, சாயங்காலம் பேக்கரில ரெண்டு, வீட்ல ஒண்ணு, ஆக ஏழு டீ. டீக்கு ரெண்டு ஸ்பூன்னா 14 ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம்னு வச்சா 70 கிராம். ஒரு கிராம் சக்கரைல 4 கலோரி, அப்ப டீல மட்டுமே 280 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாம தனியா சேக்கற சக்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்லுது, நான் டீலயே அத தாண்டிட்டேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி போகணும், அப்ப 280 கலோரிய தினம் மிச்சம் புடிச்சா மூணு மாசத்துல மூணு கிலோ தானா எறங்கிரும்னு பேப்பர்ல எழுதியே பாத்தேன். கணக்குல தப்பில்ல. அன்னிக்கு சாயங்காலமே மெடிக்கல்ல போய் இனிப்பு மாத்திரை டப்பா ஒண்ணு வாங்கிட்டேன், ஒரு மாத்திரை ஒரு ஸ்பூன் சக்கரைக்கு சமம், கலோரி கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

அது அஸ்பார்டேம். சக்கரைய விட 200 மடங்கு இனிப்பு, அதனால கடுகளவு போட்டாலே போதும். ஆனா சூட்டுல கொதிக்க விட்டா அதோட இனிப்பு போயிரும்னு எனக்கு தெரியாது. வீட்ல தண்ணி, தூள், பால், மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கொதிக்க விட்டுட்டு, இனிப்பே வரலன்னு மூணு போட்டேன், நாலு போட்டேன், அப்பவும் சப்புன்னு தான் இருந்துச்சு. டப்பா 15 நாள்ல காலி. எறக்கி, வடிகட்டி, டம்ளர்ல ஊத்தினதுக்கு அப்புறம் தான் போட்டு கலக்கணும். சுக்ரலோஸ்னு இன்னொன்னு இருக்கு, அது சக்கரைய விட 600 மடங்கு இனிப்பு, அடுப்புச் சூட்ட ஓரளவு தாங்கும். ஸ்டீவியா இலைல இருந்து எடுக்கறதும் இருக்கு, அதுல கடைசில அதிமதுரம் மென்ன மாதிரி ஒரு கசப்பு நாக்குல நிக்கும். மூணையும் வாங்கி பாத்துட்டேன். பொடியா சின்ன பாக்கெட்ல வர்றத வாங்கினா பின்னாடி திருப்பி பாருங்க, அளவு நெறைய தெரியணும்னு டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருப்பாங்க, அதுவும் மாவுச்சத்து தான், பாக்கெட்டுக்கு மூணு நாலு கலோரி வரும், கொஞ்சம்னாலும் சும்மா வர்றது இல்ல. இன்னொரு விசயம், டப்பாவ நான் டேபிள் மேலயே வச்சிருந்தேன், ஒரு நாள் என் பொண்ணு மிட்டாய்னு நெனச்சு நாலு மாத்திரைய வாய்ல போட்டு சப்பிட்டு இருந்தா. அவளுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா குழந்தைகளுக்கு வேண்டாம்னு டப்பாலயே எழுதி இருந்தத அன்னிக்கு தான் படிச்சேன், எனக்கு கை கால் ஓடல. பினைல்கீட்டோனூரியான்னு பொறப்புலயே வர்ற ஒரு குறைபாடு இருக்கறவங்களும் அஸ்பார்டேம தொடவே கூடாது. டப்பாவ மேல் ஷெல்ஃப்ல வைங்க.

பேக்கரில வித்தவுட் கேக்கறது தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. "ஒரு வித்தவுட்"னு சொன்ன ஒடனே பக்கத்துல நிக்கறவர் திரும்பி "உங்களுக்குமா, எத்தன வருசமா"ன்னு கேப்பார். அந்த கேள்விக்கு பயந்தே ரெண்டு பேக்கரிய மாத்தினேன். வித்தவுட் வாங்கிட்டு ஓரமா போய் பாக்கெட்ல இருந்து மாத்திரைய எடுத்து யாருக்கும் தெரியாம போடுவேன். இப்ப நெனச்சா அப்படி என்ன வெக்கம்னு தோணுது, அப்ப அப்படி தான் இருந்துச்சு.

மே கடைசில டெஸ்ட் எடுத்தேன். வெயிட் 86.2. ஹெச்பிஏ1சி அதே 6.1. மூணு கிலோ எறங்கி இருக்க வேண்டியது ஒரு கிலோவுக்கு மேல ஏறி இருக்கு. லேப் வாசல்லயே ரொம்ப நேரம் பைக் மேல உக்காந்திருந்தேன். எங்க போச்சு அந்த 280 கலோரின்னு அப்ப புரியல, ஆறு மாசம் கழிச்சு தான் புரிஞ்சுது. டீல சக்கரை இல்லங்கற தைரியத்துல டீ கூட ஒரு பன் பட்டர் ஜாம். நாலு மணிக்கு பசிச்சா மிக்சர், கேட்டா நான் தான் சக்கரையே சேக்கறது இல்லயேன்னு எனக்கு நானே ஒரு சமாதானம். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டுன்னு வாங்கி டிராயர்ல வச்சிட்டு ஒரு உக்காரல்ல பாதி பாக்கெட் முடிப்பேன். அந்த பிஸ்கட்ல சக்கரை இல்ல சரி, மைதாவும் எண்ணெயும் அப்படியே இருக்கு, எண்ணெய்ல கிராமுக்கு 9 கலோரி, சக்கரைய விட ரெண்டு மடங்குக்கு மேல. அந்த பாக்கெட்லயே 100 கிராமுக்கு 470 கலோரின்னு போட்டிருந்துச்சு, சாதா பிஸ்கட்டோட பெரிசா வித்தியாசம் இல்ல, வெலை மட்டும் ரெண்டு மடங்கு. சுகர் ஃப்ரீங்கற எழுத்த நான் கலோரி ஃப்ரீன்னு படிச்சிட்டு இருந்திருக்கேன்.

அந்த மே மாசத்துலயே உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு, உடம்பு எடைய கொறைக்கறதுக்காக சக்கரை இல்லாத இனிப்பூட்டிகள நம்பாதீங்கன்னு. கொஞ்ச மாசத்துக்கு எடை லேசா எறங்கினாலும், வருசக்கணக்குல பாத்தா பலன் நிக்கறதா தெரியலங்கறது தான் அதோட சாரம். ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு இது பொருந்தாதுன்னும் அதுலயே சொல்லிருக்காங்க. இத நான் அப்ப படிக்கவே இல்ல. நான் படிச்சது ஜூலைல வந்த இன்னொரு நியூஸ், அஸ்பார்டேம்ல கேன்சர் வரும்னு குரூப் குரூப்பா ஃபார்வர்டு ஆச்சே அது. ராத்திரி பதினோரு மணிக்கு அத படிச்சிட்டு தூங்கல, அஞ்சு மாசமா தினம் பதினாலு மாத்திரை உள்ள போயிருக்கேன்னு நெஞ்சு அடிச்சுகிச்சு, காலைல பிரிக்காத ரெண்டு டப்பாவயும் சேத்து குப்பைல போட்டேன். நிதானமா பாத்திருந்தா உண்மை வேற. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு அத 2பி வகைல சேத்தாங்க, புற்றுநோய்க்கு காரணமா இருக்க வாய்ப்பு இருக்கு, ஆதாரம் கம்மின்னு அர்த்தம், முழு கத்தாழை இலைச் சாறும் அதே வகைல தான் இருக்கு. அதே நாள்ல உணவுச் சேர்மானங்கள பாக்கற நிபுணர் குழு, உடம்பு எடைல கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் ஒரு நாளைக்கு போகலாம்ங்கற பழைய அளவ மாத்தாம அப்படியே வச்சாங்க. என் எடைக்கு அது சுமார் 3,400 மில்லிகிராம், என் டப்பால மாத்திரைக்கு 18 மில்லிகிராம்னு போட்டிருந்துச்சு, அப்ப 180 மாத்திரைக்கு மேல. நான் போட்டது 14. இந்த ஒரு வகுத்தல போட்டிருந்தா அந்த ராத்திரி தூங்கி இருப்பேன். பயத்துல இருக்கும்போது தலைப்பு மட்டும் தான் கண்ணுல படுது.

அதுக்கப்புறம் நான் பண்ணது தான் இன்னும் மோசம், "இயற்கை"க்கு மாறிட்டேன். எங்க பக்கத்துல கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைக்கு அவ்வளவு பேரு, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்க இருந்து தான் போகுது. அத மூட்டையா வாங்கினேன், மலைத்தேன்னு ஒரு பாட்டில், அசல் கருப்பட்டின்னு ரெண்டு கிலோ, எல்லாம் சேத்து 2,300 ரூபா. இது வெள்ளை சக்கரை இல்ல, ஒண்ணும் பண்ணாதுன்னு தாராளமா போட்டேன். எனக்கு இனிப்பு கொஞ்சம் மட்டா தெரிஞ்சதால ரெண்டு ஸ்பூன் மூணு ஸ்பூன் ஆச்சு. நாட்டுச்சக்கரைல 100 கிராமுக்கு 380 கலோரி பக்கம், வெள்ளை சக்கரைல 400, ஒரு ஸ்பூனுக்கு ஒரு கலோரி வித்தியாசம். ருசி நல்லா இருக்கும், வாசம் நல்லா இருக்கும், ரெண்டு சத்து கூட இருக்கும், ஆனா ரத்தத்துக்குள்ள போனா சக்கரை சக்கரை தான். அக்டோபர்ல 6.3, வெயிட் 87.4. நம்ம ஊர்ல நாட்டுச்சக்கரை நல்லதுன்னு சொல்ற பத்து பேர்ல ஒருத்தர் கூட அளவு சொல்ல மாட்டேங்கறாங்க, எனக்கு இதுல உண்மையாவே ஆதங்கம் இருக்கு.

தீபாவளி வந்துச்சு. இப்ப திரும்ப பயம், சக்கரையும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், ஆனா ஸ்வீட் வேணும். கடைல "சர்க்கரை சேர்க்காதது"ன்னு முந்திரி ஸ்வீட் அரைக்கிலோ 850 ரூபாய்க்கு வச்சிருந்தாங்க, சுகர் இருக்கறவங்களே சாப்புடலாம்னு கடைக்காரர் சொன்னார். வாங்கி ஆபீஸ் டிராயர்ல வச்சேன். தீபாவளி லீவு முடிஞ்சு அடுத்த வாரம் சென்னைல பையர் ஆபீஸ்ல சாம்பிள் அப்ரூவல், ராத்திரி பத்து மணி பஸ். வேலை முடியவே ஒம்பதே முக்கால் ஆச்சு, சாப்பிடல, அந்த பெட்டிய பைல போட்டுட்டு ஓடினேன். பெருந்துறை தாண்டறதுக்குள்ள பத்து துண்டு தின்னுட்டேன், சாப்பாட்டுக்கு பதிலா அது தான்.

சங்ககிரி வர்றப்ப வயித்துக்குள்ள ஏதோ உருள்ற சத்தம், பக்கத்து சீட்டுக்காரருக்கே கேக்கற மாதிரி. வயிறு கல்லு மாதிரி உப்பிருச்சு, பெல்ட்ட கழட்டிட்டேன். அப்புறம் புடிச்சு முறுக்கற வலி, வேர்த்து ஊத்துது, ஏசிக்காத்துல சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டுது. டிரைவர்கிட்ட போய் அண்ணா எங்கயாவது நிறுத்துங்கன்னு கெஞ்சினேன். ரோட்டோரத்துல ஒரு தடவை நிறுத்தினார், பஸ்ல எல்லாரும் முழிச்சு உக்காந்து எனக்காக காத்திருந்தாங்க, திரும்ப ஏறி பத்து நிமிசத்துல மறுபடியும். சேலத்துல பையோட எறங்கிட்டேன், பஸ் போயிருச்சு. பஸ் ஸ்டாண்ட் கழிவறைக்கும் வெளி பெஞ்சுக்குமா நாலு தடவை நடந்தேன். அஞ்சாவது தடவை எந்திரிக்க முடியல, கண்ணு இருட்டிகிட்டு வந்துச்சு. ஒரு ஆட்டோக்காரர் தான் கைத்தாங்கலா கூட்டிட்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரில விட்டார். அந்த பெட்ல படுத்திருக்கும்போது அப்பா ஞாபகம் தான், எனக்கும் ஆரம்பிச்சிருச்சு போலன்னு அழுதுட்டேன்.

ஃபுட் பாய்சனா, குடல்வாலான்னு ரத்த டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க, டிரிப்ஸ் போட்டாங்க. விடியக்காலைல டியூட்டி டாக்டரம்மா ஒருத்தங்க வந்து, நேத்து என்னென்ன சாப்டீங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. ஸ்வீட் பெட்டிய காட்டினேன். திருப்பி அடில இருந்த குட்டி எழுத்த போன் டார்ச் அடிச்சு படிச்சிட்டு, "இதாங்க, மால்டிடால், இத இவ்வளவு தின்னா யாருக்குமே வயித்தால போகும்"னாங்க. மால்டிடால், சார்பிடால் மாதிரி சமாச்சாரத்துக்கு பாலியால்னு பேரு, சிறுகுடல் அத முழுசா உறிஞ்சாது, மிச்சம் பெருங்குடலுக்கு போய் தண்ணிய இழுத்துக்கும், அங்க புளிச்சு காத்தாகும். கொஞ்சம் தின்னா தெரியாது, நான் தின்னது 200 கிராம் ஸ்வீட். மலமிளக்கி தன்மை இருக்கலாம்னு அந்த பெட்டிலயே ஒரு வரி இருந்துச்சு, அரிசி சைஸ் எழுத்துல. மால்டிடால்லயும் கலோரி உண்டு, சக்கரைல பாதிக்கு கொஞ்சம் மேல, சுகரையும் ஓரளவு ஏத்தும். முந்திரியும் நெய்யும் சேத்து அந்த பெட்டில 100 கிராமுக்கு 440 கலோரி போட்டிருந்துச்சு, அப்ப நான் தின்னது 880, ரெண்டு வேளை சாப்பாடு.

வீட்டுக்கு போன் பண்ணாம முடியல. காலைல மொத பஸ்ஸ புடிச்சு என் வீட்டுக்காரி சேலம் வந்துட்டா. ரிப்போர்ட் பத்தி ஒம்பது மாசமா மறைச்சத சொன்னேன். அவ கத்தல, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "சொல்லிருந்தா டீல நாலு பேருக்குமே கொறைச்சு போட்டிருப்பேனுங்க, இதுக்கு எதுக்கு மாத்திரை"ன்னு மட்டும் சொல்லிட்டு டிரிப்ஸ் எறங்கறதயே பாத்துட்டு இருந்தா. ஆஸ்பத்திரி, ஆட்டோ, பஸ் எல்லாம் சேத்து 9,000 ரூபா. அப்ரூவல் ஒரு வாரம் தள்ளிப் போனதுல என் இன்சென்டிவ் 4,000 போச்சு. மாத்திரை, பிஸ்கட், தேன், கருப்பட்டின்னு அந்த ஒம்பது மாசத்துல வாங்கினது எல்லாம் கூட்டினா மொத்தம் 21,000 ரூபாய்க்கு வருது.

ஊருக்கு வந்து ஒரு டயட்டீசியன்கிட்ட போனோம், 500 ரூபா. அவங்க எதயும் நிறுத்த சொல்லல, ஏழு நாள் வாய்ல போறது எல்லாத்தயும் எழுதிட்டு வாங்கன்னாங்க. சமையல் தராசு ஒண்ணு 450 ரூபாய்க்கு வாங்கினேன், நான் வாங்கினதுலயே உருப்படியான பொருள் அது தான். எங்க வீட்டு ஸ்பூன்ல குமிச்சு அள்ளி வச்சா 7 கிராம் காட்டுது, தட்டி சமமா எடுத்தா 4 கிராம். இத்தன நாளா ரெண்டு ஸ்பூன்னு நான் சொன்னது 14 கிராம். பால் நாங்க வாங்கினது ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதம் கொழுப்பு, 100 மில்லிக்கு 90 கலோரி பக்கம், நீலத்துல 3 சதவீதம், 60 பக்கம். ஏழு டீன்னா பாலும் நெறைய கலோரி குடுத்திருக்கு, நான் பால பத்தி யோசிக்கவே இல்ல. எழுதினத பாத்துட்டு அவங்க பேனாவால சுத்தினது மிக்சர், பன், ராத்திரி பத்தரைக்கு சாப்பிடற சோறு இந்த மூணையும் தான்.

சக்கரைய ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை ஸ்பூன் கொறைக்க சொன்னாங்க, ஒரேடியா நிறுத்தினா நாலு நாள்ல திரும்பிருவீங்கன்னாங்க. தட்டின ஸ்பூன் ரெண்டு, ஒண்ணரை, ஒண்ணு, அரை. மொத வாரம் எரிச்சலா இருந்துச்சு, வீட்ல எல்லார் மேலயும் விழுந்தேன். அந்த மாத்திரை காலத்துல நாக்குக்கு இனிப்பு அளவு கொறையவே இல்லங்கறது இப்ப தான் தெரிஞ்சுது, சக்கரை போச்சே தவிர தித்திப்பு அப்படியே தான் இருந்துச்சு, அதனால தான் நாலு மணிக்கு பன்னும் கேட்டுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஆபீஸ்ல பிளாஸ்க் டீய தெரியாம ஒரு வாய் குடிச்சேன், பாயசம் மாதிரி இருந்துச்சு, கீழ வச்சிட்டேன். பிளாஸ்க் டீல அரை ஸ்பூன் கால் ஸ்பூன்னு கொறைக்க வழி இல்ல, அதனால அத விட்டுட்டேன். பேக்கரில "சக்கரை தனியா குடுங்க"ன்னு கேட்டா ஒரு ஸ்பூனோட குடுத்தர்றாங்க, அதுக்கு யாரும் திரும்பி பாக்கறது இல்ல. இப்ப நாளைக்கு மூணு டீ.

இனிப்பு மாத்திரை சுத்தமா கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க ஃபேக்டரில கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் தினம் 600 மில்லி கோலா குடிப்பார், அதுல 60 கிராமுக்கு மேல சக்கரை, 250 கலோரி பக்கம், அவர் சக்கரை இல்லாத கோலாவுக்கு மாறி, வேற எதயும் கூட்டாம இருந்து, அதுல இருந்து மெல்ல மெல்ல வெறும் சோடாவுக்கு வந்துட்டார், நாலு கிலோ எறங்கிருச்சு. அவ்வளவு சக்கரை குடிக்கறவங்களுக்கு அது ஒரு படிக்கட்டு. சுகர் வந்து அதுக்கு மருந்து சாப்பிடறவங்க அவங்க டாக்டர கேட்டுக்கங்க. என்னை மாதிரி டீக்கு ஒரு ஸ்பூன் கேக்கற ஆளுக்கு நல்ல சக்கரையே தட்டின அரை ஸ்பூன் போதும், 8 கலோரி, அதுக்கு டப்பாவும் வேண்டாம் பயமும் வேண்டாம்.

2024 ஆகஸ்ட்ல 5.8, வெயிட் 79.6. வீட்ல மாசம் நாலு கிலோ வாங்கின சக்கரை ஒண்ணே முக்கால் கிலோவுக்கு வந்திருச்சு. போன தைக்கு அம்மா வெல்லம் போட்டு ஒப்புட்டு சுட்டு "ஏங்கண்ணு, ஒண்ணு தின்னா என்ன ஆயிரும்"னு வச்சாங்க, ரெண்டு தின்னேன், ராத்திரி சோத்த விட்டுட்டேன். நீங்க தீபாவளிக்கு சுகர் இருக்கற யாருக்காவது சர்க்கரை சேர்க்காத ஸ்வீட் வாங்கி குடுக்கறதா இருந்தா பெட்டிய திருப்பி மால்டிடால்னோ அதோட நம்பர் 965ன்னோ இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரு நாளைக்கு ஒரு துண்டு ரெண்டு துண்டுக்கு மேல வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லி குடுங்க. அன்னிக்கு பஸ் ஏறப் போறவங்களா இருந்தா அதுவும் வேண்டாம்னு சொல்லுங்க.